ஊற்றிக் காட்டினால் போதுமா?

பருப்பு, புளி, எண்ணெய் என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இம்முறை பெரியவர்கள் கட்டும் டயப்பரைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நம்மில் எத்தனை பேர் கடையில் இன்று அது அலமாரி ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து வருடங்களுக்கு முன் மருந்துக் கடையில் காகிதம் சுற்றிக் கொடுத்த சரக்கு இது. இன்று நம் மளிகைக் கடையில் சோப்புத் தூளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

காரணம் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மக்கள் தொகையில் ஏறக்குறைய 13.6 சதவீதம் என்பது 2021-க்கான மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் படுத்த படுக்கையாக அப்பாவோ அம்மாவோ. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புதுப் புதுப் பெயர்களில் சரக்கு வருகிறது. நாற்பது சதவீதம் மார்ஜின் என்று ஆசை காட்டுகிறார்கள். அந்த ஆசையில் நானும் விழுந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கவுண்டரில் நடந்த வித்தை

ஒரு நாள் மதியம் லைன் விற்பனையாளர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு டயப்பரை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். என் குடிநீர்க் கேனிலிருந்தே ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, மெதுவாக, சுற்றிச் சுற்றி ஊற்றினார். முழுவதும் உறிஞ்சிவிட்டது. தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. "எட்டு மணி நேரம் அசையாது அண்ணாச்சி" என்றார். ஐந்து பெட்டி ஆர்டர் கொடுத்தேன்.

பதினைந்து வருட வாடிக்கையாளர் ஒருவர், தாயார் பக்கவாதத்தில் விழுந்துவிட்டதால், எது நல்லது என்று கேட்டு வந்தார். நான் கேட்டதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். "எட்டு மணி நேரம் தாங்கும், நான் கேரண்டி" என்றேன். அவர் நம்பினார். இரவு பத்து மணிக்குக் கட்டிவிட்டுக் காலையில்தான் அவிழ்த்திருக்கிறார்கள். நாலாம் நாள் வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, படுக்கை நனையறது கூடப் பரவாயில்லை. அம்மாவுக்கு முதுகுக்குக் கீழே தோல் உரிஞ்சு போச்சு. நீங்க சொன்னீங்கன்னுதான் ராத்திரி நாங்க எந்திரிச்சுப் பார்க்கலை" என்றார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாளின் தோலை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்த டயப்பர் ஒரு கிழவியின் சிறுநீரை ஏன் தாங்கவில்லை?

தண்ணீர் வேறு, உப்பு நீர் வேறு

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. டயப்பருக்குள் பஞ்சோடு ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது. சோடியம் பாலி அக்ரிலேட் என்று பெயர். நீரைப் பிடித்து ஜெல்லியாக்குவது அதுதான். உப்பில்லாத நீரில் அது தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்பு கலந்துவிட்டால் அந்தச் சக்தி பல மடங்கு இறங்கிவிடும். சிறுநீர் உப்பு நீர். கேன் தண்ணீரை ஊற்றிக் காட்டுவது, காலி வண்டியை மேட்டில் ஓட்டிக் காட்டி, லோடு வண்டியை விற்பது போன்றது.

இரண்டாவது, அவர் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். மனித உடம்பு அப்படிச் செய்வதில்லை. 200, 300 மில்லி சேர்ந்த பிறகு ஒரே இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். தூள் உறிஞ்ச அவகாசம் வேண்டும். அதற்குள் ஓரம் வழியாக ஓடிவிடும். மூன்றாவது, கவுண்டரில் டயப்பர் மேல் யாரும் படுத்திருக்கவில்லை. உடம்பின் பாரம் அழுத்தும்போது பிடித்த நீரில் கொஞ்சம் மேலே திரும்பி வரும். தோலைக் கெடுப்பது அந்த ஈரம்தான்.

சில பாக்கெட்டில் "இத்தனை மில்லி உறிஞ்சும்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதையும் யோசித்துப் படிக்க வேண்டும். சர்வதேசத் தர அமைப்பு 1996-இல் வெளியிட்ட ஒரு சோதனை முறையில் டயப்பர் முழுவதையும் திரவத்தில் மூழ்க வைத்து, வடியவிட்டு, எடை பார்க்கிறார்கள். அது டயப்பரின் மொத்தக் கொள்ளளவு. முன்பக்கமும் பின்பக்கமும் எல்லா மூலையும் நனைந்த கணக்கு. கட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அவ்வளவும் பயன்படாது. மூட்டை கொள்ளும் அளவு வேறு, தலையில் சுமக்கும் அளவு வேறு என்பது நமக்குத் தெரியாததா?

நாமே செய்யக்கூடிய சோதனை

அதன் பிறகு எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் ஒரு டயப்பரை எடுத்துக் கடையிலேயே சோதித்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் கட்டிக் கொடுத்த சாதனம் அது. செலவு ஒரு டிரிப் செட், இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு ஆணி. மின்சாரம் தேவையில்லை. வேண்டுபவர்கள் செய்து கொள்ளலாம்.

முதலில் நீர். பத்து லிட்டர் தண்ணீருக்கு 90 கிராம் உப்பு. நம் தராசே போதும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் இருக்கும் உப்பும் இதே விகிதம்தான், லிட்டருக்கு 9 கிராம். கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்துகொள்ளலாம்.

ஒரு லிட்டர் பாட்டிலை இந்த நீரால் நிரப்பிக் கவிழ்த்து உயரத்தில் கட்டுங்கள். மேலே வந்த அடிப்பாகத்தில் காற்றுக்கு ஒரு சிறு ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் சொட்டு நின்றுவிடும். மூடியில் டிரிப் செட்டைச் செருகுங்கள். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. உருளையைத் திருகி நிமிடத்துக்கு 25 சொட்டு வைத்தால் மணிக்கு 75 மில்லி. பாட்டிலில் நீர் குறையக் குறையச் சொட்டு சற்று மெதுவாகும். பாட்டிலை நன்றாக உயரத்தில் கட்டினால் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. இது சிறுநீரகத்தின் வேலை.

அடுத்து மூத்திரப் பையின் வேலை. டிரிப்பிலிருந்து விழும் நீரை ஒரு சிறு பாட்டிலில் பிடியுங்கள். அதன் அடியில் துளை போட்டு, டிரிப் செட்டின் மிச்சக் குழாய்த் துண்டை நுழையுங்கள். குழாய் பாட்டிலுக்கு உள்ளேயே மேலே ஏறி, 250 மில்லி மட்டத்தில் வளைந்து, பிறகு கீழே இறங்கி வெளியே வர வேண்டும். துளையைச் சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். நீர் அந்த வளைவைத் தொடும் வரை ஒரு சொட்டு வெளியே போகாது. வளைவைத் தாண்டியதும் குழாய் தானாக இழுக்கத் தொடங்கிப் பாட்டில் முழுவதையும் காலி செய்துவிடும். சில பொதுக் கழிப்பிடங்களில் தொட்டி நிறைந்ததும் தானே தண்ணீர் கொட்டுமே, அதே தத்துவம். குழாய் மெல்லியதாக இருக்க வேண்டும். அகலமாக இருந்தால் கொட்டாமல் வழிந்துகொண்டே இருக்கும்.

மணிக்கு 75 மில்லி என்றால் 250 மில்லி சேர மூன்று மணி இருபது நிமிடம். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்தும்போது திறந்துவிட்டால், ஒன்று இருபதுக்கு ஒரு தடவை, நாலு நாற்பதுக்கு ஒரு தடவை கொட்டும். ஒரு பழைய தலையணையில் டயப்பரைக் கட்டி, கீழே வெள்ளைத் துணி விரித்து, மேலே ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் வந்து மூன்று விஷயம் பார்க்கிறேன். வெள்ளைத் துணியில் கறை இருக்கிறதா? டயப்பரின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது? உட்புறத்தில் ஒரு கைக்குட்டையை வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் கைக்குட்டை நனைகிறதா?

எனக்கு ஐந்து பெட்டி விற்றவரின் சரக்கை இப்படி வைத்துப் பார்த்தேன். முதல் 250 மில்லியைத் தாங்கியது. இரண்டாவதில் தொடைப் பக்கம் வழியாக ஓடித் துணியெல்லாம் கேசரி நிறம். நான் கேரண்டி கொடுத்த எட்டு மணி நேரம் அந்த மாதிரிதான் இருந்தது.

இதெல்லாம் நம் வேலையா?

"அண்ணாச்சி, நாம மளிகைக்காரங்க, லேபரட்டரியா வச்சிருக்கோம்?" என்று சங்க நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பெரியவர்கள் டயப்பருக்கு ஐ.எஸ். 17508 என்று தரம் வகுத்திருக்கிறது. முறையாகச் சோதிக்க வேண்டியது உற்பத்தியாளர்தான். என் ஆணியும் பாட்டிலும் அதற்கு ஈடாகாது. தலையணை மனிதன் அல்ல. புரண்டு படுக்காது, இடுப்பு மெலிந்திருக்காது. இதில் தேறிய சரக்கும் அளவு பொருந்தாவிட்டால் ஒழுகும். ஆனால் இதிலேயே தேறாத சரக்கை ஒரு நோயாளிக்கு விற்கலாமா என்பதுதான் என் கேள்வி. புது அரிசி மூட்டை வந்தால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலை உடைத்துப் பார்க்கிறோம். அந்தப் பழக்கம் பாக்கெட் சரக்கு வந்த பிறகு போய்விட்டது. அச்சடித்ததை நம்பி விற்கிறோம். பழி மட்டும் நம் பெயருக்கு வருகிறது.

சட்டமும் சும்மா இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உற்பத்தி செய்யாத விற்பனையாளரும் எப்போது பொறுப்பாவார் என்று அதில் இருக்கிறது. உற்பத்தியாளர் சொல்லாத உறுதியை விற்பவர் தாமாகவே வெளிப்படையாகக் கொடுத்து, சரக்கு அதன்படி இல்லாமல் போய்த் தீங்கு நேர்ந்தால், விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். "நான் கேரண்டி" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, அந்த ஒரு வார்த்தை என்னைக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கலாம். அந்த வாடிக்கையாளரின் பெருந்தன்மை என்னைக் காப்பாற்றியது.

ஆகவே என் யோசனைகள் இவை. ஒன்று, நேரக் கணக்குச் சொல்லி விற்காதீர்கள். "ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து பாருங்கள், நனைந்திருந்தால் உடனே மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு டயப்பர் கூடுதலாக விற்கச் சொல்கிறார் என்று நினைப்பார்களோ என்று கூச வேண்டாம். இரண்டு, இடுப்புச் சுற்றளவு கேட்காமல் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு டேப் கவுண்டரில் இருக்கட்டும். பெரிதாக எடுத்தால் நிறையத் தாங்கும் என்பது தவறு; தொடை ஓரம் இடைவெளி விட்டு ஒழுகும். படுத்தே இருப்பவருக்கு ஒட்டும் வகை, நடமாடுபவருக்கு ஜட்டி வகை. மூன்று, சரக்கை ஈரத் தரையிலும் எலி போகும் மூலையிலும் அடுக்காதீர்கள். ஈரக் காற்றையும் அந்தத் தூள் இழுக்கும்.

நான்காவது, சங்கத்துக்கு. ஒவ்வொரு கடையும் தனித்தனியாகச் சோதிப்பதை விட, மாதக் கூட்டத்துக்கு முன் சங்கக் கட்டடத்தில் ஒரு சாதனத்தை மாட்டி, சந்தையில் புதிதாக வந்த சரக்கை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். முடிவைச் சுவரொட்டியாக ஒட்ட வேண்டாம். அது வேறு வம்பு. வினியோகஸ்தரை நேரில் அழைத்து, "நீங்களே வந்து பாருங்கள்" என்று காட்டினால் போதும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் வருவார். வராதவரைப் பற்றி நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆர்டர் கொடுக்காமல் இருந்தால் போதும்.

எனக்கு ஐந்து பெட்டி தந்தவரிடம் அப்படித்தான் காட்டினேன். கேன் தண்ணீரை எடுக்கப் போனவரைத் தடுத்து, என் உப்பு நீரைக் கொடுத்தேன். இரண்டாம் முறை ஊற்றியதும் அவரே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். மீதி நாலரைப் பெட்டியை மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த வாடிக்கையாளர் இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். தாயாருக்குப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. டயப்பர் வாங்கும்போது மட்டும், "இது நீங்க பார்த்ததுதானே அண்ணாச்சி?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் பையில் போடுவார். "ஆமாம், பார்த்தது" என்று சொல்ல முடிகிறது. நாற்பது சதவீத மார்ஜினில் அந்தப் பதில் கிடைக்காது, வணிகப் பெருமக்களே.