எழுப்பிய பறவையும் எடுத்த படமும்

பறவைகளைப் படம் பிடித்தல் இந்நாளில் நம் கலாசாலை மாணாக்கரிடையே பெரிதும் பரவி வருகின்றது. முற்காலத்தில் துப்பாக்கியோடு குளக்கரை சென்றோர் பலர். இன்று காமிராவோடு செல்லுதல் மகிழத்தக்க மாறுதலே. ஆயினும் காமிராவும் சிலபோது வேட்டைக் கருவியாதல் கூடும் என்பதைச் சென்ற தை மாதத்தில் ஒருநாள் யாம் கற்றோம். எம் பிழையை ஒளியாது ஈண்டு உரைக்கின்றோம்.

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இக்குளம், 2021-இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. இவ்வூரார் பறவைகளை விருந்தினராகப் போற்றித் தீபாவளியிலும் வெடி வெடியாது காப்பவர். பறவை எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாதலையும் அவர் நன்கறிவர்.

ஐவராகச் சென்ற யாம் தேடியவை வரித்தலை வாத்துகள். வெண்டலையின் பின்புறத்தே இரு கரும்பட்டைகள் உடையவை. மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயம் கடந்து நம் நாட்டிற்கு வருபவை. யாம் கரையை அடைந்தபோது அவை நீர்விளிம்பில் ஒற்றைக்காலில் நின்றும், அலகை முதுகுச் சிறகில் செருகியும் உறங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாழிகை பொறுத்தோம். உறங்கும் பறவையின் படம் எமக்கு நிறைவளிக்கவில்லை. எம்முள் ஒருவர் கைதட்டினார், ஏனையோர் தடுத்தோமில்லை. கூட்டம் முழுதும் கூக்குரலிட்டு எழுந்தது. வேண்டிய படங்கள் கிடைத்தன.

அப்போது கரைமேல் ஆடு ஓட்டிவந்த முதியவர் ஒருவர் நின்று, “தம்பிமாரே, ராத்திரி முழுக்க மேய்ஞ்சிட்டு வந்த பட்சிக. பகலிலேதான் கொஞ்சம் கண்ணசரும். அதையும் கெடுக்கணுமா?” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே எம்மை மிகவும் நாணச் செய்தது.

முதியவர் சொல் உண்மையே. இவ்வாத்துகள் பெரும்பாலும் இரவில் வயல்களிலும் புல்வெளிகளிலும் மேய்ந்து, பகலில் நீர்நிலைகளில் இளைப்பாறுபவை. அவற்றின் பயணமோ அரியது. உடலில் சிறுகருவி பொருத்தி ஆராய்ந்தோர், ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததைக் கண்டனர். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிதலின் பறத்தற்குரிய உழைப்பு மிகுகின்றது என்றும், அதனால் அவை வீணே உயரத்தில் நில்லாது மலைகளின் ஏற்ற இறக்கங்களை ஒட்டியே பறக்கின்றன என்றும் 2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. வலிமையை இத்துணைச் சிக்கனமாகச் செலவிடும் பறவை, மீண்டும் இமயம் ஏறுதற்கு வேண்டிய கொழுப்பை இங்கே சேமிக்கின்றது. அச்சேமிப்பில் யாம் கைவைத்தோம்.

“ஒருமுறை எழுப்பினால் என்ன குறைந்துவிடும்?” எனச் சிலர் வினவுவர். யாம் மட்டுமே சென்றிருப்பின் அவ்வினா பொருந்தும். எமக்குப்பின் அன்றே வேறிரு குழுவினர் வந்தனர். வந்தவர்க்கு ஒருமுறை, வாத்துகளுக்கோ நாள் முழுதும் உறக்கமில்லை. “படமின்றேல் மக்கட்குப் பறவைமேல் அன்பு எங்ஙனம் பிறக்கும்?” என்பதும் கேட்கத்தக்கதே. படம் வேண்டா என்பது எம் கருத்தன்று. அச்சுறுத்திப் பெற்ற படத்தால் அன்பு வளருமோ என்பதே எம் ஐயம்.

அன்று மாலைவரை ஒரு கருவேலமர நிழலில் அசையாது அமர்ந்திருந்தோம். அந்திவேளையில் வாத்துகள் தாமே குரல்கொடுத்து, வரிசை வரிசையாக எழுந்து, எம் தலைக்குமேலே வயல்நோக்கிப் பறந்தன. ஒளி குறைந்தமையின் படங்கள் மங்கலாயின. எனினும் காலையிற் பிடித்த தெளிவான படங்களை அழித்துவிட்டு, இம்மங்கற் படங்களையே வைத்துக்கொண்டோம்.

ஆதலின், கலாசாலைப் படக்காட்சியை நடத்துவோர்க்கு எம் விண்ணப்பம் ஒன்று. பரிசுக்கு வரும் ஒவ்வொரு பறவைப் படத்தோடும், அது எவ்வாறு எடுக்கப்பட்டது என இரண்டு வரி எழுதித் தரச் செய்க. எழுப்பிப் பிடித்த படம் எவ்வளவு அழகியதாயினும் அதற்குப் பரிசு வேண்டா. பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர்; காமிரா ஏந்துவார்க்கு அதுவே முதற்பாடமாதல் வேண்டும்.