பொதுஜன விசாரணையும் பொதுப் பணமும்

பெருந்தொழில்களுக்கு அநுமதி வழங்குமுன் அந்தந்தப் பிரதேசத்து ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும் என்பது நமது தேசத்தில் 1997-ம் வருஷம் முதல் விதியாக இருந்து வருகிறது. 2006 செப்டம்பர் 14-ந் தேதி வெளியான சுற்றுச்சூழல் அறிவிக்கை அதை விரிவாக வகுத்தது. ஆனால் கேட்பது என்றால் என்ன? வாயைத் திறக்க அநுமதிப்பது மட்டுந்தானா? இதுவே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

பாடாலூர்ப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடியானவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தம் நிலத்துக்கு அருகே சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் காண்கிறார். விசாரணைக்கு முப்பது நாள் அவகாசம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. விசாரணை தினத்தன்று கம்பெனியின் பக்கம் இஞ்சினீயர்களும் ஆலோசகர்களும் படங்களுடன் நிற்கிறார்கள். இவரோ, "எங்கள் கிணறு வற்றிப்போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறார். ஆதாரம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. நிலத்தடி நீர் நிபுணர் ஒருவரை வைத்து ஆதாரம் தேட அவரிடம் பணமில்லை.

சுண்ணாம்புக்கல்லுக்கே இந்தக் கதியென்றால், அணு உலை விஷயத்தைச் சொல்லவும் வேண்டுமா? கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குப் பொதுஜன விசாரணையே நடக்கவில்லை. 1989-லேயே சம்மதம் அளிக்கப்பட்டுவிட்டது, விசாரணை விதி அதற்குப் பின்னரே வந்தது என்பது சர்க்காரின் கட்சி. 2013 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த உலைகளுக்காக 2007-ல் விசாரணை நடந்தது. கதிர்வீச்சையும் கடல்நீரின் வெப்பத்தையும் பற்றிய கணக்குகளைச் செம்படவர்களும் பீடித் தொழிலாளர்களும் தாமாகவே சோதித்து மறுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 1983-ல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமோ, இடத் தேர்வு முதல் உலையை இயக்குவது வரை படிப்படியாக அநுமதி தருகிறது. அப்படிகளில் பொதுஜனங்களை அழைத்து வாதப் பிரதிவாதம் கேட்கும் ஏற்பாடு இல்லை.

அந்நிய தேசங்களின் அநுபவம் என்ன? கானடாவின் அணு பாதுகாப்புக் கமிஷன், தன் விசாரணைகளில் கலந்துகொள்ளும் பிரஜைகளுக்கும் ஆதிக்குடிகளுக்கும் பணவுதவி செய்யும் திட்டத்தை 2011 முதல் நடத்தி வருகிறது. அமெரிக்காவில் இதற்கு மாறாக, ஆட்சேபிப்பவர்களுக்குப் பொதுப் பணத்தைக் கொடுக்கலாகாதென்று காங்கிரஸ் சபையே தடை விதித்திருக்கிறது. இவ்விரண்டு வழிகளில் கானடாவின் வழியே ஜனநாயகத்துக்கு உகந்தது என்பது நமது துணிபு.

இது நமது தர்மத்துக்கும் புதிதன்று. ஏழ்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாதென்று அரசியல் சாசனத்தின் 39-ஏ ஷரத்து கூறுகிறது. 1987-ம் வருஷத்துச் சட்டம் ஏழைகளுக்கு இலவச வக்கீலைத் தருகிறது. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டமோ, உபயோகிப்போர் சார்பில் வாதாட ஒருவரை நியமிக்கக் கமிஷனுக்கு அதிகாரம் அளிக்கிறது. திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு. தன் கிணற்றையும் கடலையும் காக்க வந்த குடியானவனுக்கு நிபுணர் இல்லை! இதென்ன நீதி?

கிளர்ச்சிக்காரர்களுக்குச் சர்க்காரே தீனி போடுவதா என்று சிலர் கேட்பார்கள். 2012-ல் பிரதமர் மன்மோகன் சிங், கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்க ஸ்தாபனங்கள் இருப்பதாகக் குறை கூறியதை நாம் மறக்கவில்லை. அந்நியப் பணம் கூடாதென்றால், சுதேசப் பணத்தைக் கணக்கோடு கொடுப்பதல்லவா அதற்கு மருந்து? காலதாமதம் ஆகுமென்பது மற்றொரு வாதம். தவறான கணக்கை விசாரணையிலேயே கண்டுபிடிப்பதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். உலை எழும்பிய பிறகு கண்டுபிடித்தால், அதைத் திருத்த எத்தனை வருஷம் பிடிக்கும்?

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அணுமின் தொழிலில் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகள் வரும்போது, கேள்வி கேட்கும் ஜனங்களின் பலமும் பெருகவேண்டாமா? ஆகவே நாம் கோருவது இது: அநுமதி கேட்கும் நிலையம் தன் மூலதனத்தில் ஒரு சிறு பங்கை ஒரு நிதியில் செலுத்தட்டும். அந்நிதி கம்பெனியின் கையிலும் இருக்கலாகாது, இலாகாவின் கையிலும் இருக்கலாகாது. ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அதை நிர்வகிக்கட்டும். நிபுணர் கூலி, மொழிபெயர்ப்பு, பிரயாணம் ஆகியவற்றுக்கு மட்டுமே பணம் தரப்படட்டும். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வெளியாகட்டும். முழு அறிக்கையும் தமிழில் வரட்டும். அவகாசம் மூன்று மாதமாக உயரட்டும். அணுசக்தி வாரியமும் தன் அநுமதிப் படிகளில் பகிரங்க விசாரணையை ஏற்கட்டும். இதே நிதி சுரங்கங்களுக்கும் பொருந்தட்டும்.

நாம் அணுசக்திக்கு ஆதரவாகவோ விரோதமாகவோ இங்கே தீர்ப்புக் கூறவில்லை. இரு தரப்பும் சமபலத்துடன் வாதாடிய பிறகே தீர்ப்பு வரவேண்டும் என்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்களும் பாராளுமன்ற அங்கத்தினர்களும் இதைக் கையிலெடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் ஊழியர்கள் கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றி அவர்களைத் தூண்ட வேண்டும். முதல் தீர்மானம் பாடாலூரிலிருந்தே வரலாகாதா?