நாடி கிடைக்காத நோய்

1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னிக் கிடந்ததைப் பதிவு செய்தார். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்கும் அந்த அரிய நோய்க்கு இன்று அவர் பெயர்தான். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களையே பிடிக்கிறது. கையில் நாடியே கிடைக்காமல் போவதும் உண்டு.

காரணங்களில் மரபணுவுக்கும் பங்குண்டு. எச்.எல்.ஏ-பி52 என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை, ஜப்பானிலும் இந்தியாவிலும் நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 2013இல் ஐ.எல்.12பி மரபணுவின் தொடர்பும் வெளியானது. ஆனால், பி52 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை! எனவே, மரபணுச் சோதனைக்குப் பணத்தை இறைப்பது வீண்.

அதைவிட, இளம்பெண்ணுக்கு இரத்த அழுத்தம் கூடினால், இந்த நோயையும் மனத்தில் வைத்து, மருத்துவர்கள் இரு கைகளிலும் அளந்து, நாடியையும் பார்க்கட்டும்.