சைக்கிள் ஆசனமும் முழங்கால் நோவும்

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்ற அமிர்தகழியிலிருந்து மட்டக்களப்பு நகர் வரை பாதை சமதரையே. இவ்வழியே சைக்கிளில் பள்ளி செல்லும் மகன் முழங்கால் நோகிறதென்றால், முதலில் ஆசனத்தின் உயரத்தைக் கவனியுங்கள். தந்தையும் மகனும் ஒரே வண்டியை ஓட்டும் இல்லங்களில் இக்கவனம் மிகவும் அவசியம்.

வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, அவனை ஆசனத்தில் அமர்த்துங்கள். மிதி அடியிலிருக்கையில் குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். அதுவே சரியான அளவு. ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழுவதும் இறக்கியும் கால் எட்டாவிடின் அவ்வண்டி அவனுக்கு ஏற்றதன்று.

அளவு கண்டபின் நட்டை இறுக்குங்கள். இருவருக்குமுரிய உயரங்களை ஆசனத்தண்டில் வர்ணத்தால் குறித்துவைத்தால், நாள்தோறும் அளக்கும் வேலை மிச்சம்.