பார்மர் மாவட்டக் கிராமங்களின் குடிநீரை நீரியல் விரிசல் பணிகளிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கிராம நீர்ப் பயனாளர் சங்கம்,
பார்மர் மாவட்டம், ராஜஸ்தான்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், பார்மர்.

நகல்: மத்திய நிலத்தடி நீர் ஆணையம், ராஜஸ்தான் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம்.

பொருள்: எரிவாயுக் கிணறுகளில் நடக்கும் நீரியல் விரிசல் (ஃப்ராக்கிங்) பணிகளும் குடிநீர்ப் பாதுகாப்பும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மாவட்டத்தில் 2009 முதல் கச்சா எண்ணெய் எடுக்கப்படுகிறது. ராகேஸ்வரி ஆழ்வாயு வயலில் இறுகிய எரிமலைப் பாறையைப் பிளப்பதற்காக, ரசாயனமும் மணலும் கலந்த நீரை உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். எண்ணெயால் சாலை வந்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. இந்த மனு தண்ணீரைப் பற்றியது மட்டுமே.

கேட்கும் இடத்திலெல்லாம் எங்களுக்குக் கிடைப்பது ஒரே பதில்: "இங்கே நிலத்தடி நீர் உப்பு. அதை யாரும் குடிப்பதில்லை. பிறகு பாதிப்பு எங்கே?" ஆழத்து நீர் உப்புதான், பல ஊர்களில் ஃபுளோரைடும் சேர்ந்திருக்கிறது. ஆனால் நாங்கள் குடிப்பது அந்த நீரை அல்ல. கூரையிலும் களத்திலும் விழும் மழைநீரை டாங்கா எனும் நிலத்தடித் தொட்டியில் சேமிக்கிறோம். அது தீர்ந்தால், மணலுக்குள் ஈரமாகத் தங்கியிருக்கும் நீர்தான் கதி. மார்பளவு அகலமே உள்ள குறுங்கிணறு தோண்டினால் அந்த ஈரம் சொட்டுச் சொட்டாக ஊறும். நாளுக்கு இரண்டு மூன்று குடம் தேறும். இந்த நன்னீரைக் கீழேயுள்ள உப்புநீரோடு கலக்காமல் தாங்கி நிற்பது ஜிப்சம் படுகை ஒன்றுதான்.

பிளவு பல ஆயிரம் அடி ஆழத்தில் ஏற்படுவதால் மேலே எதுவும் வராது என்கிறார்கள். பிளவு வராமல் இருக்கலாம். ஆனால் ஜிப்சம் உள்ள இடத்தில் அதைத் துளைக்காமல் எந்தக் கிணறும் கீழே போக முடியாது. கேசிங் குழாயைச் சுற்றிய சிமெண்ட் பழுதானால் அந்தத் துளையே உப்புக்கும் ரசாயனத்துக்கும் வழியாகிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, குடிநீர் கெடக்கூடிய சூழல்களாகச் சொல்பவற்றில் பழுதான கிணறுகள், சிந்தும் ரசாயனம், விரிப்பில்லாத கழிவுக் குட்டைகள், நீர் அரிதான இடத்தில் நீரை உறிஞ்சுவது ஆகிய நான்கும் உண்டு. இந்த நான்கையும் பற்றித்தான் நாங்கள் கேட்கிறோம்.

குட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2006 ஆகஸ்ட் வெள்ளத்தைத் தாங்கள் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்தில் வெள்ளமா என்று நாடே வியந்தது. எங்கள் மாவட்டத்தின் கவாஸ் பகுதியில் தண்ணீர் மாதக்கணக்கில் வடியவில்லை. கீழே இருந்த ஜிப்சம் உறிஞ்ச விடவில்லை. அப்படி ஒரு மழையில், பிளந்த கிணற்றிலிருந்து திரும்பி வந்த உப்பும் ரசாயனமும் கலந்த நீர் குட்டையில் கிடந்தால், அது ஊருக்குள் பரவி அங்கேயே தேங்கும். எனவே திரும்பி வரும் நீரைத் திறந்த குட்டையில் வைப்பதை முற்றாகத் தடை செய்து, மூடிய தொட்டிகளைக் கட்டாயமாக்க வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுவே.

அடுத்தது பயன்படுத்தும் நீரின் அளவு. அமெரிக்காவில் ஒரு கிடைமட்ட ஷேல் கிணற்றுக்கு 1.5 கோடி லிட்டரும் அதற்கு மேலும் செலவாவது உண்டு. 20,000 லிட்டர் பிடிக்கும் டாங்காவில் அது 750 டாங்கா நீர். டெக்சாஸின் வறண்ட மேற்கில் பார்ன்ஹார்ட் என்ற சிற்றூரில் 2013-ல் குழாய்நீர் நின்றபோது, ஊரார் கை காட்டியது ஃப்ராக்கிங்குக்கு நீர் இறைத்தவர்களை. இங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் எவ்வளவு நீர், எங்கிருந்து, எந்த ரசாயனத்தோடு செல்கிறது என்ற கணக்கை, பணி தொடங்குமுன் கிராமப் பஞ்சாயத்துப் பலகையில் இந்தியில் ஒட்ட வேண்டும். பராமரிப்புக்காக இந்திரா காந்தி கால்வாய் அடைக்கப்படும் கோடை வாரங்களில் இப்பணிக்கு ஒரு லாரி நீர்கூட வழங்கக் கூடாது.

கிணறு தோண்டுமுன் சுற்றியுள்ள குறுங்கிணறுகளின் நீரைச் சோதித்து முடிவைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் பின்னால் நீர் கெட்டாலும் "முன்பே அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். நீர் கெட்டால், தன்னால் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும், அதுவரை குடிநீர் தரும் பொறுப்பும் உரிமம் பெற்ற நிறுவனத்தையே சேர வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2020 ஜனவரித் திருத்தத்துக்குப் பின் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் நடத்தக் கூடாது என்றாகிவிடாது. தாங்கள் மனம் வைத்தால் கிராம சபையைக் கூட்டலாம். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயு, ஷேல் வாயுப் பணிகளைத் தடுக்கத் தமிழ்நாடு அதே 2020-ல் தனிச் சட்டம் இயற்றியது. நன்னீர் ஊறும் மணல் பகுதிகளுக்கு அப்படியொரு பாதுகாப்பைத் தரும்படி மாநில அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், தற்போதுள்ள எல்லாக் கழிவுக் குட்டைகளையும் எங்கள் பிரதிநிதிகள் முன்னிலையில் ஆய்வு செய்து, அறிக்கையின் நகலை எங்களுக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.