கடலில் எஞ்சிய மூச்சு

இராயபுரத்துக் கரையில் நிற்பார், 'இத்துணைப் பெருங்கடலை நம் சாக்கடை என் செய்யும்?' என்பர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், அது பிழை.

வங்கக்கடலில் ஏறத்தாழ 100 மீட்டருக்குக் கீழே பிராணவாயு மிக அருகிய நீரடுக்கு ஒன்று உளது. கங்கையும் பிரமபுத்திராவும் கொணரும் நன்னீர் மேலே மூடிபோற் பரந்து கிடத்தலின், காற்றின் பிராணவாயு கீழே எளிதிற் செல்லாது. மேலிருந்து வீழும் உயிர்ச்சிதைவுகளை நுண்ணுயிர்கள் உண்டு, உள்ள பிராணவாயுவையும் செலவிட்டுக் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. நீரில் அமிலமும் மிகுகின்றது. பிராணவாயு முற்றும் தீரின், அவை நைட்ரேட்டிலிருந்து அதனைப் பறிக்கும். கடலின் நுண்பயிர்கட்கு உரமாகவேண்டியது வெறும் நைட்ரஜன் வாயுவாய்க் கழியும். அரபிக்கடலில் இது பெருமளவில் நிகழ்கின்றது. நம் கடலிலோ, 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, எஞ்சியுள்ள அணுவளவு பிராணவாயுவே அதனைத் தடுத்து நிற்கின்றது. நூலிழையன்றோ இது!

சாக்கடையின் உரச்சத்தால் நுண்பயிர்கள் பெருகும். அவை மடிந்து வீழ, கீழே மூச்சுப் பஞ்சம் மிகும். எண்ணூர் ஒன்றே வங்கக்கடலைக் கெடுக்குமென்று யான் கூறேன். ஆயினும், கரைநெடுக உள்ள நகரங்களெல்லாம் இச்சமாதானமே சொல்லின்? கழிவுநீரைத் தூய்மை செய்து விடுதல் மீனவர்க்கு இடும் பிச்சையன்று. நாம் பட்ட கடன். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திற் பிராணவாயுவை மாதந்தோறும் அளக்க நம் இரசாயன வகுப்பு நண்பர் முன்வரின், கணக்கெழுதத் தமிழ் வகுப்பிலிருந்து யான் வருவேன்.