ஒட்டுத்துணி இழிவா?



யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. பிரத்தியேக வகுப்பு மோகம் மட்டும் நீங்கவில்லை. "விடுமுறையில் துணிக்குச் சாயமேற்றுவோம், ஒட்டுப்போர்வை தைப்போம்" என்றால், "என் மகன் தையற்காரனாகவா போகிறான்?" எனக் கேட்கும் பெற்றோர் உண்டு, அதற்குத் தலையாட்டும் ஆசிரியரும் உண்டு.

பெற்றோர்களே! 1511-இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றுமுன்பே பழவேற்காட்டு வணிகர் இம்மலாக்காவில் துணி விற்றனர். சோழமண்டலக் கரைத் துணிகளின் புகழ்பெற்ற சிவப்பு, சாயவேர் தந்தது. படிகாரம் ஏற்றிய துணியில்தான் அச்சாயம் நிலைக்கும். இஃது அறிவியல் அன்றோ? சதுரத்தை மூலைவாட்டில் வெட்டி, முக்கோணங்களை இணைப்பது கணிதம் அன்றோ?

தோட்டத்து வீட்டில் பாட்டி பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையில் உறங்கியவர்கள் நாம். இன்று அதை வறுமையின் சின்னமென்று மறைக்கிறோம். கடையில் 'கைவினை' என எழுதியிருந்தால் விலைகொடுத்து வாங்குகிறோம். இஃது என்ன நியாயம்?

ஜாசின், அலோர் காஜா ஆசிரியர்களே! பழைய வேட்டி, மஞ்சள், வெங்காயத்தோல், படிகாரம், ஊசிநூல், இவை போதும். மஞ்சள் வெயிலில் ஏன் வெளுக்கிறது என மாணவரே கேட்கட்டும். பாட்டியரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவர்தம் கண்பார்வை மங்கியபின், எந்தப் பிரத்தியேக வகுப்பு அதைக் கற்பிக்கும்?

சிந்திப்போம், செயல்படுவோம்.